வெள்ளிக்கிழமை வரை கட்டிய அறைகள்

ஞாயிறு மாலை வந்திறங்கினார்கள்.
நாலாம் மாடி முழுக்க ஒரு நாட்டுக்கு,
ஆறாம் மாடி முழுக்க மற்ற நாட்டுக்கு.
நடுவில் ஐந்தாம் மாடியை
வெறுமையாக விடச் சொல்லிக் காசு கட்டியிருந்தார்கள்,
வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணி வரை.

ஜெனீவாவில், ஏரியைப் பார்த்த ஹோட்டல்.
என் பெயர்ப்பட்டையில் தவமலர் என்பதைத்
'தாவா' என்று நறுக்கியிருந்தார் ரொஷா.
என்ன பேசினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.
எத்தனை போத்தல் தண்ணீர், எத்தனை தலையிடி மாத்திரை,
யார் கட்டிலைத் தொடாமல் கதிரையில் விடியவைத்தார்,
அது தெரியும்.

குப்பைக்கூடையை நாங்கள் தொடக்கூடாது.
அவர்களுடைய ஆளே வந்து தாள்களை அள்ளிக் கட்டி
கைக்குழந்தையை ஏந்துவதுபோல் கொண்டுபோனான்.
எங்களுக்கு விட்டது தோடம்பழத் தோல்.

திங்கள் முழுவதும் மேசைக்குப் போயிற்று.
ஒரு பக்கத்துக் கதிரைகள் உயரமாம்.
லூர்தெஸ் முழங்காலில் நின்று
நாற்பது கதிரையின் காலையும் அளந்தாள்.
எல்லாம் ஒரே உயரம்.
அதற்குப் பிறகு, ஜன்னல் யாருடைய முதுகுக்கு என்பது.

செவ்வாய் காலை
ஆளில்லா ஐந்தாம் மாடியில் தூசு தட்டப் போனேன்.
512இல் இரண்டு கோப்பை.
ஒன்றின் அடியில் கரையாத சீனி,
மற்றதில் தேசிக்காய் விதை.
ஒருவர் ஏறி வந்திருக்கிறார்,
ஒருவர் இறங்கி வந்திருக்கிறார்.
ஹோட்டலின் குறிப்புத்தாளில் பென்சிலால் ஒரு கோடு,
கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு,
இரண்டுக்கும் நடுவே
பள்ளிக்கூடப் பிள்ளை தீட்டியதுபோல் மெல்லிய நிழல்.
ஆறு மாதிரியும் இருந்தது. வயல் மாதிரியும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
தாளை அப்படியே விட்டேன்.
அன்று பின்னேரம், ஒருவரும் கேளாமலே,
இரண்டு புதுக் கோப்பை, சீனி அதிகமாய்,
தேசிக்காய் நறுக்கி ஒரு தட்டில்.
பென்சிலைச் சீவி வைத்தேன்.
இருபது வருட வேலையில்
விருந்தாளியின் பொருளில் நான் கைவைத்தது அது ஒன்றுதான்.
எங்கள் சண்டைக்கும் ஒருக்கால்
இந்தப் பக்கம்தான் வந்து கதைத்தார்கள்.
அது வேறு கதை.
பென்சிலைச் சீவியது அதனால்.

புதன் காலை கோப்பைகள் வைத்தபடி.
தேசிக்காய் ஓரம் காய்ந்து சுருண்டிருந்தது.
தாளைக் காணவில்லை.
அடுத்த வெள்ளைத் தாளைச் சரித்துப் பார்த்தால்
கோடுகளின் தடம் மட்டும், பள்ளமாய்.
ஆறாம் மாடியில், சீனி போட்டுக் குடிக்கிறவரின் அறையில்
அலுமாரி வெறுமை.
இரவோடிரவாக ஊருக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம்.
நாலாம் மாடியில் மற்றவர்
சவரம் செய்யாமல் மேசைக்குப் போனார்.

மத்தியானம் ரொஷா வந்தார்:
நாளைக் காலைச் சாப்பாடு, நூற்றுப்பத்துப் பேருக்கு, ரத்து.
முட்டைக்காரரை அழைத்துச் சொன்னார்.
போர் வருவதைச் செய்திக்காரருக்கு முந்தி அறிந்தவர்
ஒரு முட்டை வியாபாரி.
விலையில் பாதியாவது தாருங்கள் என்று கேட்டாராம்.

பின்கதவால் பெட்டிகள் போயின.
முன்கதவில் கைகுலுக்கிப் படம் எடுத்தார்கள்.
பலத்த காற்று.
ஏரிக்குள் உயரும் நீர்த்தாரையை நிறுத்தியிருந்தார்கள்.
காற்று மாறினால் நிறுத்தவென்றே
அங்கே ஒருவர் சம்பளத்துக்கு இருக்கிறார்.

வியாழன் இரவு முதல் குண்டு.

வெள்ளி காலை ரொஷா சொன்னார்,
பதினொரு மணி வரை காசு கட்டிய அறைகள்,
விரிப்பு மாற்றத்தான் வேண்டும்.
யாரும் படுக்காத கட்டில்களை
உருவி, உதறி, மறுபடி விரித்தோம்.
512இன் கோப்பைகளைக் கீழே கொண்டுபோனேன்.
வாய் வைக்காததையும் கழுவ வேண்டும் என்பது இங்கே விதி.
சுடுதண்ணீரில் பிடித்தேன்.
லூர்தெஸ் வானொலியைத் திறந்தாள்,
மூடினாள்.